பழைய விசைப்படகு வாங்குவோர் கவனத்திற்கு

மாட்டுச் சந்தைக்குச் சென்ற நாஞ்சில் நாட்டு உழவர், மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழியை எண்ணி, ஏரில் பூட்டி நாலு சால் ஓட்டிய பின்னரே துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவார். மாட்டைப் போல் பன்மடங்கு விலையுள்ள பழைய படகை வாங்கும் நம் கடற்கரைச் சகோதரர்களோ, பல சமயங்களில் புதுப் பெயிண்டின் பளபளப்பையும் எஞ்சினின் சத்தத்தையும் மட்டும் கண்டு முன்பணம் கொடுத்து விடுகின்றனர். உழவு மாடு நொண்டினால் வயல்தான் தரிசாகும். நடுக்கடலில் படகு பிளந்தால் ஆளே திரும்புவதில்லை.

இப்பாடத்தை நான் எழுத ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வட்டாரத்துக் கடற்கரையூர் ஒன்றில், அண்ணன் தம்பி இருவரும் அவர்களுடைய மைத்துனரும் கூடி, வேற்றூர்த் துறையிலிருந்து பழைய பைபர் வள்ளம் ஒன்றை வாங்கினர். பணத்தின் ஒரு பகுதி வீட்டுப் பெண்களின் நகை. மறு பகுதி அவர்கள் சேர்ந்திருந்த மகளிர் சுய உதவிக் குழுவின் கடன். அக்கடன் விண்ணப்பத்தைப் பரிந்துரைத்துக் கையொப்பமிட்டவன் நான். ஆவணங்கள் யாவும் சரியாக இருந்தன. படகை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தெரிந்தவர் எவரையும் அனுப்பவுமில்லை. மூன்றாம் நாள் கடலில் எஞ்சின் தாங்கிய பின்பலகை பிளந்து, வெளி எஞ்சினுடன் ஒரு பக்கமாகச் சரிந்தது. அருகிலிருந்த வள்ளத்தார் கயிறு போட்டு இழுத்து வந்ததால் மூவரும் உயிர் பிழைத்தனர். படகு பிழைக்கவில்லை, கடன் மட்டும் பிழைத்திருந்தது. அதன் பிறகு கரைதோறும் படகு கட்டும் ஆசாரிகளிடமும் முதிர்ந்த மீனவர்களிடமும் கேட்டுத் தெரிந்து கொண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

படகுகள் வந்த வழி

1953-இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய-நார்வே திட்டம் பணி தொடங்கியபோது, இத்தென்மேற்குக் கரையில் விசைப்படகுகளின் காலம் பிறந்தது. 1980-களில் நமது முட்டத்தில் ஒட்டுப்பலகையால் வள்ளம் கட்டும் பட்டறை புகழ் பெற்றது. வெளி எஞ்சின்களும் அக்காலத்திலேயே கரையெங்கும் பரவின. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், இழந்த கட்டுமரங்களுக்கு ஈடாகப் பைபர் வள்ளங்கள் பெருந்தொகையாக வழங்கப்பட்டன. தேவை மிகுந்து அவகாசம் குறைந்த காலம் அது. ஆகவே அந்நாளில் கட்டப்பட்டவை யாவும் ஒரே தரத்தின என்று கொள்வதற்கில்லை. அவற்றிற் சில பல கைகள் மாறி இன்றும் விலைக்கு வருகின்றன. எனவே படகு எந்த ஆண்டில், எந்தப் பட்டறையில் கட்டப்பட்டது என்பதே வாங்குவோர் கேட்க வேண்டிய முதற் கேள்வியாகும்.

உடலைச் சோதித்தல்

படகைக் கரையேற்றிய நிலையில் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நமது மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், சின்னமுட்டம் உள்ளிட்ட கிழக்குப் பகுதியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பராமரிப்புக்காகப் படகுகள் கரையேறும் அந்நாட்களே அடிப்பாகத்தைப் பார்க்க ஏற்றவை. புதுப் பெயிண்ட் அடித்த படகை ஐயத்துடன் நோக்குக. பெயிண்ட் அழகுக்கும் அடிக்கப்படும். விரிசலை மறைக்கவும் அடிக்கப்படும்.

பைபர் படகு என்பது கண்ணாடி நார்ப் பாய்களை ரெசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டிய உடல். அடுக்குகள் ஒன்றோடொன்று பிடித்திருக்கும் வரையில்தான் அதற்கு வலிமை உண்டு. ஒரு நாணயத்தால் உடல் முழுவதும் சாண் இடைவெளியில் தட்டிக் கொண்டே செல்க. கணீரென்ற ஒலி நல்லது. சொத்தென்று மங்கிய ஒலி கேட்குமிடத்தில் அடுக்குகள் பிரிந்துள்ளன, அல்லது உள்ளே நீர் புகுந்துள்ளது என்று கொள்ளலாம். மேற்பூச்சில் அம்மைக் கொப்புளம் போன்ற புடைப்புகள் தோன்றினால், நீர் ஊறி அடுக்குகளுக்குள் சென்றதற்கு அது அடையாளம். குறுக்குச் சட்டங்கள் உடலோடு சேருமிடங்களில் நட்சத்திர வடிவில் மயிரிழை விரிசல்கள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அலையின் அடி தாங்காமல் உடல் வளைந்து கொடுத்ததை அவை காட்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பின்பலகை. பெரும்பாலும் இதன் நடுவில் மரப்பலகை வைத்து மேலே பைபர் போர்த்தியிருப்பர். எஞ்சின் திருகாணித் துளைகளின் வழியாக நீர் இறங்கினால், வெளியே புதிதாகத் தோன்றும் பலகை உள்ளே மக்கிப் போகும். எஞ்சினை மாட்டிய நிலையில் அதன் தலையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். பலகை எஞ்சினோடு சேர்ந்து அசைந்தால், அல்லது துளையிலிருந்து பழுப்பு நீர் கசிந்தால், அப்படகை விட்டு விலகுவதே நன்று. நான் மேலே கூறிய குடும்பத்தார் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் போதும்.

மரப் படகாயின், அடிமரத்தையும் நீர்மட்டத்துக்குக் கீழுள்ள பலகைகளையும் கூரிய ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும். கப்பற்புழு நுழையும் துளை வெளியே குண்டூசித் தலையளவே இருக்கும். உள்ளே மரம் தேன்கூடு போலாகியிருக்கும். ஆணிகளைச் சுற்றித் துரு வடிந்த கறையும், மூட்டுகளில் அடிக்கடி பஞ்சு திணித்த அடையாளமும் படகு தளர்ந்ததைச் சொல்லும்.

எஞ்சினைச் சோதித்தல்

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே முதன்முறை கிளப்பச் சொல்க. விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் வருவதாகக் கூறித் திரும்புக. டீசல் எஞ்சினில் கரும்புகை நீடித்தால் எரிபொருள் முழுதும் எரியவில்லை. நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. எண்ணெய் அளவுகோலில் பால் போன்ற நிறம் கண்டால் எண்ணெயில் நீர் கலந்துள்ளது. விசிறித் தண்டு உடலை விட்டு வெளியேறுமிடத்தில் எஞ்சின் ஓடும்போது சொட்டுச் சொட்டாக நீர் வருவது இயல்பு. தாரையாக வருவது இயல்பன்று.

நீரில் சோதித்தல்

கரையில் தேறிய படகும் கடலில் தேறாமற் போகலாம். கல்லூரியில் இயற்பியல் கற்றவன் என்ற முறையில் இதனைச் சற்று விளக்க விரும்புகிறேன். படகின் கனம் கீழே இருந்தால் சாய்ந்தவுடன் விரைந்து நிமிரும். கனம் மேலே ஏறினால் தயங்கி நிமிரும். பழைய உரிமையாளர் பின்னர் சேர்த்த அறை, மேற்கூரை, வலை இழுக்கும் பொறி ஆகியவை யாவும் மேற்கனமே. தளமிட்ட படகுகளுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. அமைதியான துறையில், கயிறுகளைத் தளர்த்தி, எண்ணெய், பனிக்கட்டி, வலை ஆகியவற்றை ஏற்றிய நிலையில் படகை ஆட்டிவிட்டு, ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் சென்று மீண்டும் தொடங்கிய இடத்துக்கு வர எத்தனை விநாடி என்று எண்ணுக. பல ஆட்டங்களை எண்ணிச் சராசரி காண்பது நல்லது. அந்த விநாடிகள் படகின் அகலத்தை மீட்டரில் அளந்த எண்ணுக்குக் குறைவாயிருப்பது நலம். மூன்று மீட்டர் அகலப் படகு ஒரு முழு ஆட்டத்துக்கு நாலைந்து விநாடி எடுத்துக் கொண்டால், அது எச்சரிக்கை. எண்ணெயும் பனிக்கட்டியும் செலவாகித் திரும்பும் வேளையில் ஆட்டம் இன்னும் மந்தமாகும் என்பதையும் நினைவிற் கொள்க.

பின்னர் படகை ஓட்டிப் பார்க்க வேண்டும். நேராக ஓடும்போது சுக்கானை ஓயாமல் ஒரே பக்கம் பிடிக்க வேண்டியிருக்கிறதா? முழு வேகத்தில் இடமும் வலமும் திருப்பினால் இரு பக்கமும் ஒரே அளவு சாய்கிறதா? ஒரு பக்கம் மட்டும் மிகுதியாகச் சாய்ந்தால், மிதவைக்காக அடைத்த நுரைப்பொருளில் நீர் ஊறியிருக்கலாம். பின்னோக்கி ஓட்டும்போது படகின் பின்பாகம் ஒரு பக்கம் ஒதுங்குவது குற்றமன்று. வலஞ்சுழி விசிறியுள்ள படகு இடப்புறம் ஒதுங்குவது அதன் இயல்பு. குறையையும் இயல்பையும் பிரித்தறிவதே இச்சோதனையின் பயன். முன்னதற்கு விலையைக் குறைக்கலாம், அல்லது படகையே மறுக்கலாம். பின்னதற்குப் பழகிக் கொள்ளலாம். பழைய வள்ளத்தில் அதிகக் குதிரைத்திறனுள்ள எஞ்சினை மாட்டியிருந்தால் மிக்க கவனம் வேண்டும். பின்பாகம் தாழ்ந்து அணியம் உயர்ந்து நிற்கும் படகைப் பின்னிருந்து வரும் அலை எளிதில் புரட்டும்.

ஆவணங்கள்

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-இன்படி பெற்ற பதிவு, உடலில் எழுதிய எண், எஞ்சின் எண் ஆகிய மூன்றும் ஒத்திருக்கின்றனவா, படகின் பேரில் கடன் நிலுவை உண்டா என்பவற்றை மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரித்து, பெயர் மாற்றம் முடிந்த பின்னரே முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும். ஆயினும், பதிவுச்சீட்டு உடைமையைச் சொல்லுமேயன்றிப் பின்பலகையின் உறுதியைச் சொல்லாது. இப்பாடத்தை நான் விலை கொடுத்துக் கற்றேன். அவ்விலையைச் செலுத்தியவர்களோ வேறொரு குடும்பத்தார்.

முடிவுரை

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்துக் கடலோரக் குடும்பங்கள் பலவற்றைத் துயரில் ஆழ்த்தியதை நாம் மறக்கவில்லை. புயலைத் தடுக்க நம்மால் இயலாது. மக்கிய பலகையோடு கடலுக்குப் போவதைத் தடுக்க இயலும். கடன் வழங்கும் குழுக்களும் சங்கங்களும் தீர்மானம் எழுதுமுன், அனுபவம் வாய்ந்த படகு ஆசாரி ஒருவரையும் எஞ்சின் பழுது பார்ப்பவர் ஒருவரையும் அனுப்பிப் பார்த்து வரச் செய்வதை வழக்கமாக்க வேண்டும். அவர்களுக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலி, படகின் விலையில் மிகச் சிறு பங்கேயாகும். எங்கள் வட்டாரத்தில் அவ்விருவரின் கையொப்பமில்லாத படகுக் கடன் விண்ணப்பத்தில் இப்பொழுது நான் கையொப்பமிடுவதில்லை. மற்ற வட்டாரங்களிலும் இவ்வழக்கம் பரவுமாயின், கரையில் காத்திருக்கும் தாய்மாரின் கவலை ஓரளவேனும் குறையும்.