கரைவலைக் கயிறு பிடிக்குமுன்

வயலை விட்டு வந்து கரையோரத்தில் குடியிருக்கும் எம்மவர்க்கு முதலில் கிடைக்கும் கூலிவேலை பெரும்பாலும் கரைவலை இழுப்பதுதான். வள்ளம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம், கயிற்றைப் பிடிக்க இரண்டு கை இருந்தால் போதும் என்பார்கள். அது பாதி உண்மை. மறுபாதியை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

கரைவலை என்பது கரையில் நின்றே இழுக்கும் பெருவலை. ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் நிற்பவர்களிடம் கொடுத்துவிட்டுத் தோணி புறப்படும். வலையை இறக்கிக்கொண்டே கடலில் அரைவட்டமாகச் சுற்றி, மறு கயிற்றோடு சற்றுத் தள்ளிக் கரை சேரும். பிறகு இரண்டு அணியாக நின்று இழுக்க வேண்டும். வலை நெருங்க நெருங்க இரு அணியும் ஒன்றையொன்று நெருங்கி வரும். வலையின் இரண்டு கைகளும் பெரிய கண் உள்ளவை. நடுவில் இருக்கும் மடி சிறுகண். சூடை, நெத்தலி, காரல், பாரை என்று அகப்படுவதெல்லாம் கடைசியில் மடிக்குள்தான் சேரும். ஒருமுறை வளைத்து இழுக்க இரண்டு மூன்று மணித்தியாலம் செல்லும். நீரோட்டம் கடுமையாக இருந்தால் வலை ஒரு பக்கமாக இழுபடும். நாமும் மணலில் அதன் பின்னாலேயே நடக்க வேண்டும்.

முதற்கிழமை கை புண்ணாகும். மண்வெட்டி தந்த காய்ப்பு எமக்கு உள்ளங்கையில் இருக்கிறது; கயிறு கிழிப்பதோ விரல் மடிப்பில்.

ஒவ்வொரு வலைக்கும் கரையில் ஒரு எல்லை உண்டு. அதைப் பாடு என்பார்கள். வயலுக்கு வரம்பு எப்படியோ வலைக்குப் பாடு அப்படி. வரம்பைக் கண்ணால் காணலாம், பாட்டைக் காண முடியாது. ஆனால் ஊராருக்குத் தெரியும். கடற்றொழில் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். பிறருடைய பாட்டில் வலை வளைத்தால், அடுத்தவன் வாய்க்காலைத் திருப்பியது போன்ற சண்டை வரும். ஆகவே யாருடைய பாடு, யாருடைய அனுமதி என்று கேட்டறிந்த பின்னரே கயிற்றைத் தொடுங்கள்.

இனிப் பருவம். இதுதான் விவசாயிக்கு முக்கியமான பகுதி.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றுக்கு நிலமே மறைப்பாக நிற்பதால் கிழக்குக் கரையோரம் அடங்கியிருக்கும். எனவே முல்லைத்தீவு, கொக்கிளாய், திருகோணமலை, மட்டக்களப்புக் கரைகளில் ஏறக்குறைய சித்திரை முதல் புரட்டாசி வரை கரைவலைக் காலம். ஐப்பசிக்குப் பின் வாடை பிடித்தால் கிழக்கில் அலை கரையை அறையும். தோணி இறக்க முடியாது. அப்போது புத்தளம், உடப்பு, நீர்கொழும்புப் பக்கம் கடல் படிந்திருக்கும். உடப்பு முதலிய ஊர்த் தொழிலாளர் சித்திரையில் கிழக்கே வந்து வாடி போட்டுத் தொழில் செய்து, மாரி தொடங்க ஊர் திரும்பும் பழைய வழக்கம் இதனால் வந்ததே.

இதை எமது வயற் கணக்கோடு வைத்துப் பாருங்கள். பெரும்போகத்துக்குப் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் வெட்டுகிறோம். குளத்து நீர் இல்லாத மானாவாரிக் காணி சித்திரை முதல் ஆவணி வரை சும்மா கிடக்கும். கிழக்குக் கரையின் கரைவலைக் காலம் அந்த இடைவெளிக்குள் பொருந்துகிறது. மேற்குக் கரையில் அப்படியில்லை. அங்கே வலையும் விதைப்பும் ஒரே மாதங்களில் மோதும். காணிக்குத் திரும்பும் நம்பிக்கை உள்ள குடும்பம் எந்தக் கரைக்குப் போவது என்பதை இதைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

மாரியில் கரையோர வாடியில் தங்குவதும் நல்லதல்ல. 1964 டிசம்பரில் மன்னாரையும் 1978 நவம்பரில் மட்டக்களப்பையும் அழித்த சூறாவளிகள் இந்த மாதங்களில்தான் வந்தன.

முற்பணத்தைப் பற்றி எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் ஒரு சித்திரையில் நாலு குடும்பமாக ஒரு சம்மாட்டியாரிடம் முற்பணம் வாங்கினோம். மீன் விற்ற காசில் செலவு கழித்து, மிச்சத்தில் வலைக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு என்றார். எது செலவு என்று நாங்கள் கேட்கவில்லை. அரிசி, தேங்காய், பிள்ளையின் மருந்து எல்லாம் அவருடைய கொப்பியில் ஏறின. எங்களிடம் கொப்பி இல்லை. ஆனியில் நல்ல மீன். ஆவணியில் பல நாள் மடி வெறுமையாக வந்தது. புரட்டாசியில் காணி துப்புரவாக்கலாம் என்று ஊரிலிருந்து தகவல் வந்தபோது கணக்குக் கேட்டோம். இன்னும் கடன் என்றார், தீர்க்காமல் போக முடியாது என்றார். மறுத்துச் சொல்ல எங்களிடம் ஒரு வரி எழுத்தும் இல்லை. அந்த வருட விதைப்புத் தவறியது.

அதன் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றைக் கொண்டு நாளாந்தம் எழுதுவித்தோம்: எத்தனை தரம் வளைத்தது, எத்தனை பெட்டி மீன், என்ன விலை, நாங்கள் எடுத்தது எவ்வளவு. பிள்ளைக்கும் கணக்குப் பழகியது.

மீன் மலிந்த நாளில் விலை விழும். அன்று கூலிக்குப் பதிலாக மீனாகக் கேட்டு வாங்கிக் கருவாடு போடலாம். குடல் நீக்கிக் கழுவி, மூன்று நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு இட்டு வைத்துக் காய விடுங்கள். மணலில் பரப்ப வேண்டாம். பாயிலோ தட்டியிலோ போடுங்கள். நெல் காயவைத்த கைகளுக்கு இது புதிதல்ல. கோடை வெயில் இருக்கும்வரைதான் இதுவும் கைகூடும்.

அண்மைக்காலமாகச் சில கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச்சால் வலை இழுக்கிறார்கள். அங்கே கயிறு பிடிக்கும் ஆட்களுக்கு வேலை குறைவு. அப்படியான கரையா என்று விசாரிக்காமல் குடும்பத்தோடு புறப்பட வேண்டாம்.

கூடிப் பேசுவதற்கு: உங்கள் பக்கத்துக் கரையில் கடல் எந்த மாதம் படிகிறது? உங்கள் காணியில் விதைப்பு எந்த மாதம்? முற்பணம் வாங்கியவர்கள் கணக்கு முடிக்கும் நாளை யார் முன்னிலையில் பேசி வைத்தார்கள்?