சம்பளம் உயரணுமா? முதல்ல ரெஸ்யூமைத் திருத்துங்க

எஸ்ஐபி, இன்சூரன்ஸ், வரிச் சேமிப்புன்னு நிறைய பேசியிருக்கோம். இன்னைக்கு அதுக்கெல்லாம் பணம் வர்ற இடத்தைப் பத்திப் பேசலாம்: உங்க சம்பளம்.

ஒரு சின்னக் கணக்கு. மாசம் 30,000 ரூபாய் கைக்கு வருது. வேலை மாறும்போது 20% கூடினா, மாசம் 6,000 ரூபாய் அதிகம். 10 வருஷத்துக்கு அது மட்டுமே 7,20,000 ரூபாய். இவ்வளவு பெரிய தொகைக்கான விண்ணப்பத்தை, நண்பரோட ரெஸ்யூமில் பேரை மட்டும் மாத்தி அனுப்பலாமா?

1. வேலையோட பலனையும் எழுதுங்க

அக்கவுன்ட்ஸில் இருக்கிறவங்க பலர் "பில் என்ட்ரி, ஜிஎஸ்டி வேலைகளைக் கவனித்தேன்" என்று எழுதுறாங்க. அதையே இப்படி எழுதிப் பாருங்க: "மாதம் 400 கொள்முதல் பில்களை ஜிஎஸ்டிஆர்-2பி உடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். மாதக் கணக்கு முடிக்கும் நேரத்தை 7 நாளிலிருந்து 4 நாளாகக் குறைத்தேன்."

எத்தனை, எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், எத்தனை தப்பு குறைஞ்சது? இந்த நாலு கேள்வியில் ஒண்ணுக்காவது உங்ககிட்ட பதில் இருக்கும். ஆனா நம்பர் உண்மையா இருக்கணும். இன்டர்வியூவில் "எப்படிக் குறைச்சீங்க?"ன்னு கண்டிப்பா கேட்பாங்க.

2. விளம்பரத்தில் இருக்கும் வார்த்தையையே போடுங்க

பல கம்பெனிகளில் ரெஸ்யூமை முதல்ல சாஃப்ட்வேர்தான் வடிகட்டுது. அவங்க "டேலி பிரைம்" கேட்டிருந்து, உங்களுக்கு அது தெரியும்னா, அதே பேரை எழுதுங்க. "அக்கவுன்டிங் சாஃப்ட்வேர்"னு பொதுவா எழுதாதீங்க. கட்டம், படம், கலர் டிசைன் வேண்டாம். சில சாஃப்ட்வேர் அதைச் சரியாப் படிக்காது.

3. தேதியில் கை வைக்காதீங்க

இது நான் பட்ட பாடம். முதல் வேலையை விட்டு 3 மாசம் சும்மா இருந்தேன். ரெஸ்யூமில் தேதியை நீட்டி அந்த இடைவெளியை மறைச்சேன். ஆஃபர் வந்தது, கையில் இருந்த வேலையையும் விட்டேன். அப்புறம் பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரி கேட்டாங்க. சேர்ந்த தேதி, விலகின தேதி எல்லாம் அதில் தெளிவா இருந்தது. ஆஃபர் ரத்து. 2 மாசம் சம்பளமே இல்லாம, எமர்ஜென்சி ஃபண்டை உடைச்சுத்தான் வாடகை கட்டினேன்.

இடைவெளி இருந்தா ஒரே வரியில் காரணத்தை எழுதுங்க. அந்த நேரத்தில் கோர்ஸ் ஏதாவது படிச்சிருந்தா சேர்த்துக்கோங்க. அப்ளை பண்றதுக்கு முன்னாடி இபிஎஃப்ஓ போர்ட்டலில் உங்க சர்வீஸ் ஹிஸ்டரியைப் பார்த்து, ரெஸ்யூமில் இருக்கிற தேதிகளோட ஒப்பிடுங்க.

4. இதெல்லாம் வேண்டாம்

ஆதார், பான் நம்பர் போடாதீங்க. ரெஸ்யூம் யார் யார் கைக்குப் போகும்னு நமக்குத் தெரியாது. உங்க பேரில் யாரோ கடன் வாங்க அது வழி விடலாம். இப்போதைய சம்பளத்தையும் எழுதாதீங்க. பேச்சுவார்த்தை அந்த நம்பரில் இருந்துதான் ஆரம்பிக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஹோம்வொர்க்: உங்க ரெஸ்யூமில் மூணு வரியை எடுங்க. ஒவ்வொண்ணையும் பார்த்து "அதனால கம்பெனிக்கு என்ன லாபம்?"னு கேளுங்க. பதிலை ஒரு நம்பரோட எழுதுங்க. ஒரு மணி நேர வேலைதான், செஞ்சு பாருங்க!