பிள்ளைகளையும் வீட்டு வேலையில் சேர்த்துக்கொள்ள

1. பெருக்கும்போது துடைப்பத்தைப் பிடுங்க வரும் மூன்று வயதுக் குழந்தையை "போய் விளையாடு" என்று விரட்டாதீர்கள். ஆசையாக வரும் வயதில் விரட்டிவிட்டுப் பத்து வயதில் கூப்பிட்டால் வராது. கையில் ஈரத்துணி ஒன்றைக் கொடுங்கள். 1907-ல் ரோம் நகரில் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தொடங்கிய 'குழந்தைகள் இல்லம்' என்ற பள்ளியில் மேசை துடைப்பதும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

2. சமையலறையில் கீரை ஆய்வதிலிருந்து தொடங்கலாம். முருங்கைக்கீரையை இரவே துணியில் சுற்றி வைத்தால், காலையில் ஒரு உதறலுக்கே பாதி இலை உதிர்ந்துவிடும்; மீதியைப் பிள்ளைகள் உருவட்டும். சின்ன வெங்காயத்தைச் சற்று நேரம் தண்ணீரில் போட்டுக் கொடுத்தால் தோல் எளிதாகக் கழலும், கண்ணும் அவ்வளவாக எரியாது. மொச்சை, பச்சைப் பட்டாணி உரிப்பதும் அவர்களுக்குப் பிடிக்கும். அவர்கள் ஆய்ந்ததை அன்றைக்கே சமைத்து, யார் ஆய்ந்தது என்பதையும் சொல்லிப் பரிமாறுங்கள். கீரையைத் தொடாத பிள்ளைகூட ஒரு வாய் வைத்துப் பார்க்கும்.

3. "அதை எடு, இதைக் கொடு" என்று எடுபிடியாக வைத்திருந்தால் சலித்துவிடும். ஒரு வேலையை முழுதாக ஒப்படையுங்கள். தட்டு வைப்பது, தண்ணீர் ஊற்றுவது, சாப்பிட்ட இடத்தைத் துடைப்பது எல்லாம் ஒருவர் பொறுப்பு. எவர்சில்வர் தட்டு விழுந்தாலும் உடையாது.

4. பிள்ளை மடித்த துணி கோணலாக இருந்தால், அதன் கண்முன்னே பிரித்து மறுபடி மடிக்காதீர்கள். இந்தப் பட்டியலில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். தன் வேலை தேறவில்லை என்று அந்தப் பிஞ்சு மனதுக்கு அப்போதே தெரிந்துவிடும். முதலில் கைக்குட்டை, துண்டு. கை பழகியபின் சட்டை, பாவாடை.

5. பிள்ளைகளுக்கென்றே சின்னத் துடைப்பம், சின்ன வாளி, எட்டும் உயரத்தில் ஒரு துணிக்கொடி இருக்கட்டும்.

6. பாத்திரம் தேய்ப்பது மகளுக்கு, கடைக்குப் போவது மகனுக்கு என்று பிரிக்கவே வேண்டாம். வாரம் ஒருமுறை வேலையை மாற்றிக் கொடுங்கள். அப்பா தன் தட்டைத் தானே கழுவும் வீட்டில் மகனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

7. சொந்த வீட்டு வேலைக்குக் காசு பேசாதீர்கள். தண்டனையாகவும் வேலை வாங்காதீர்கள். பிறகு வேலை என்றாலே வெறுப்புதான் வரும்.

8. அடுப்பு, அரிவாள்மணை, மிக்ஸி பக்கம் பெரியவர் இல்லாமல் விடாதீர்கள். கழிப்பறைக்கான ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அவற்றைக் கையாளும் வேலை பெரியவர்களுக்கு மட்டுமே.