தாய்மார்க்கு ஒரு தேர்வுத் துணை

கருப்பக்காலம் நிறைந்தும் பேற்றுவலி தோன்றாதவிடத்து, அதனை மருந்தினாலாவது கருவியினாலாவது வருவித்தல் மருத்துவர் வழக்கு. நம் நாட்டுப்புறத்தார் இதனை 'வலிக்கு மாத்திரை வைத்தல்' என்றும், 'ஊசி போட்டு வலி வரவைத்தல்' என்றும் கூறுவர். வலியை வருவிப்பதா, தானே வருமளவும் காத்திருப்பதா என்னும் வினா எழுங்கால், தாயும் அவள் கணவனும் உண்மை அறிந்து விடை கூறுதற்குத் துணையாகும் கைப்பேசிக் கருவியொன்று எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது. இத்தகைய துணைகளின் தரத்தை வரையறுத்தற்கென 2003-ஆம் ஆண்டில் பன்னாட்டு அறிஞர் குழுவொன்று தோன்றிற்று. அதன் அளவுகோல்கள் 2006-இல் வெளிவந்தன. வழிகள் அனைத்தையும் நடுவுநிலையோடு கூறுக, நன்மை தீமை இரண்டையும் எண்ணாற் காட்டுக, தேர்பவர் எதனைப் பெரிதென மதிக்கின்றார் என்று வினவுக என்பன அவற்றின் சாரமாகும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியை யாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. இது வானம் பார்த்த பூமி. கண்மாய்களை நம்பிய சிற்றூர்கள் கரிசற் காட்டினூடே சிதறிக் கிடக்கின்றன. குண்டாற்றங்கரைச் சிற்றூரில் வாழும் ஒருத்தி, பேற்றில் இடர் நேரின் அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனைக்கோ, 2022-இல் தொடங்கப்பெற்ற விருதுநகர் மருத்துவக் கல்லூரிக்கோ செல்லல் வேண்டும். மருத்துவமனைக்கு அண்மையில் இருந்து காத்திருப்பது வேறு. நள்ளிரவில் வண்டி கிடைக்குமோ என்று ஐயுறும் ஊரில் காத்திருப்பது வேறு. பிறநாட்டிற் செய்த கருவி இதனை வினவாது. நம் கருவி வினவுதல் வேண்டும்.

முதற்கண், இக்கருவி யாருக்கு அன்று என்பதைத் தெளிவுறக் கூறுதல் வேண்டும். குழந்தையின் அசைவு குறைதல், குருதி கசிதல், பனிக்குடம் உடைதல், கடுந்தலைவலியோடு பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் ஆங்குத் தேர்வுக்கு இடமில்லை. கருவி வேறெதுவும் பேசாது, "இப்போதே 108-ஐ அழையுங்கள்" என்று உரைத்து நிற்றல் வேண்டும்.

அடுத்தது நாட்கணக்கு. நாள் கடந்தமை ஒன்றே காரணமாயின், 41 வாரம் நிறைந்தமை ஐயமறத் தெரிந்தவர்க்கே வலி வருவித்தலை உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கின்றது. தீட்டு நின்ற நாளை நினைவில் வையாதார் பலர். தொடக்க மாதங்களில் எடுத்த ஸ்கேன் கணக்கே உறுதி மிக்கது. ஆதலின், "உங்கள் நாளை எதைக் கொண்டு கணித்தார்கள்?" என்பதே கருவியின் முதல் வினாவாகுக.

இனி எண்களைக் காண்போம். காக்ரேன் ஆய்வுக் கூட்டத்தார் 2020-இல் 34 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். குழந்தை இறப்பைக் கணக்கிட்ட 22 ஆய்வுகளில் 18,795 குழந்தைகளுள், வலி வருவித்த பகுதியில் 4 பேரும் காத்திருந்த பகுதியில் 25 பேரும் இறந்தனர். இதனைக் 'காத்திருப்பின் ஆறு மடங்கு இறப்பு' என்றால் கேட்பவள் நடுங்குவாள். '544 பேருக்கு வருவித்தால் ஒரு குழந்தை பிழைக்கும்' என்றால் அமைதியுறுவாள். இரண்டும் மெய்யே, ஒன்றை மட்டும் உரைப்பது நடுவுநிலை ஆகாது. ஆயிரம் பேர் காத்திருப்பின் ஏறத்தாழ மூவர் குழந்தையை இழப்பர். ஆயிரம் பேருக்கு வருவிப்பின் ஒருவரினும் குறைவு. ஆயிரம் பருத்தி விதைகளைத் திரையிற் பரப்பி, மூன்றை மட்டும் நிறம் மாற்றிக் காட்டின், எழுத்தறியாதாரும் அளவை உணர்வர். அறுவைப் பேறு மிகும் என்னும் பொது அச்சத்திற்கு அத்தொகுப்பு இடந்தரவில்லை. வருவித்தாரிடை அது சிறிது குறைந்தே காணப்பட்டது.

மறுபக்கமும் மறைத்தற்கன்று. வருவித்த வலி விரைந்து மிகலாம். கருப்பை அளவிறந்து சுருங்கின் குழந்தை துன்புறும். ஆதலின் இடைவிடாத கண்காணிப்பு வேண்டும். முன்பு அறுவை செய்த தழும்புடையார்க்கு மிசோபிரோஸ்டால் மாத்திரை ஆகாது. உடனே பிறந்துவிடும் என்று எண்ணுவார்க்கு நாகபுரி ஆய்வைக் காட்டலாம். குருதியழுத்தம் மிகுந்த 602 பெண்களிடம் நிகழ்த்தி 2017-இல் வெளியிடப்பட்ட அவ்வாய்வில், 24 மணிக்குள் இயல்வழிப் பேறு எய்தினோர் மாத்திரை உண்டோரில் நூற்றுக்கு 57, பலூன் குழாய் வைக்கப்பெற்றோரில் நூற்றுக்கு 47. எஞ்சியோருள் ஒரு நாள் கடந்தோரும் அறுவையுற்றோரும் உளர். உடனிருக்கும் தாயும் மாமியாரும் இதனை முன்னரே அறியின், "இன்னும் ஏன் பிறக்கவில்லை?" என்று வருந்தார்.

தமிழ் பயில்வார்க்குரிய பணியும் இதில் உண்டு. இக்கட்டுரையின் நடை அக்கருவிக்கு ஆகாது. அது பெண்ணின் செவிக்கு அவள் ஊர்ப் பேச்சிற் பேசுதல் வேண்டும்: "ரெண்டு வழி இருக்கும்மா. ரெண்டுலயும் நல்லதும் இருக்கு, சிரமமும் இருக்கு. ஒவ்வொண்ணாச் சொல்றேன், அவசரமில்லாமக் கேளுங்க." ஒரு சொல்லுக்கு இரு பொருள் தோன்றுமாயின் அச்சொல்லை நீக்குக. 'தூண்டல்' என்பது நூல்வழக்கு. 'வலி வரவைத்தல்' என்பதே வீட்டு வழக்கு.

இறுதியாக, விடை கூறுவார் யார்? மயக்கத்திலிருந்த பெண்ணொருத்திக்காக அவள் தாய் தந்த இசைவு செல்லாது என நம் உச்சநீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. அறிவு தெளிந்த பெண்ணின் உடலுக்கு அவளே உரியவள் என்பது அதனாற் பெறப்படும். நம் வீடுகளில் மாமியார் பேசுவார், கணவர் கையொப்பமிடுவார், வலி தாங்குபவள் வாய் திறவாள். எனவே கருவி முதலில் அவளோடு தனித்துப் பேசுக. பின்னர் அவள் விரும்பின் சுற்றத்தார்க்கு உரைக்க. முடிவில் 'இதைச் செய்க' என்று கட்டளையிடாது, மருத்துவரிடம் அவள் கேட்க வேண்டிய மூன்று வினாக்களை அவள் கையிற் கொடுக்க: எனக்கு ஏன் வேண்டும்? காத்திருந்தால் என்ன ஆகும்? இம்மருத்துவமனையில் இரவிலும் அறுவைக்கு வசதி உண்டா?

கருவி தாயின் இடத்தில் நின்று தெரிவது அன்று. அவள் தெரிதற்கு விளக்கேந்தி நிற்பதே அதன் தொழில். கணிதம் பயில்வார் அதன் உள்ளமைப்பைச் செய்க. மருத்துவர் அதன் உண்மையைச் சரிபார்க்க. தமிழ் பயிலும் நாம் அதற்கு நாவைத் தருவோமாக.