படக்கோப்பும் மெய்யெழுத்தின் புள்ளியும்

பழந்தமிழ்ப் பதிப்புகளை ஸ்கேனரில் இட்டுக் கணிப்பொறியில் சேமிக்கும் பணி இன்று நூலகங்களிலும் இல்லங்களிலும் நடைபெற்று வருகின்றது. பணியைத் தொடங்குவோர் கருவியின் விலையை ஆராய்கின்றனர். பக்கத்தை எந்தக் கோப்பு வடிவில் சேமிப்பது என ஆராய்வார் சிலரே. கருவி தானே முன்வைக்கும் வடிவை ஏற்றுக்கொள்கின்றனர். அது பெரும்பாலும் ஜேபெக் ஆகவே அமைகின்றது. அச்சுப் பக்கத்துக்கு அது ஏற்றதன்று என்பதே நாம் ஈண்டுக் கூற விழைவது.

ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் ஸ்கேன் செய்தால், 2480 பிக்சல் அகலமும் 3508 பிக்சல் உயரமும் உடைய படம் கிடைக்கும். வண்ணப்படமாயின் பிக்சல் ஒன்றுக்கு 3 பைட்டு. ஆகப் பக்கம் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 கோடியே 60 இலட்சம் பைட்டுகள். முந்நூறு பக்க நூலுக்கு எவ்வளவு என்பதை மாணவர்களே பெருக்கி அறிக. சுருக்கம் தேவைப்படுவது இதனாலேயே.

சுருக்கம் இருவகைப்படும். ஒன்று, எதனையும் இழவாமல் சுருக்குவது. விரிக்குங்கால் மூலம் அப்படியே மீளும். 1987இல் வந்த ஜிஃப், 1996இல் தரம் பெற்ற பிஎன்ஜி ஆகியன இவ்வகையின. ஜிஃப் 256 நிறங்களுக்கு மேல் ஏற்காது. பிஎன்ஜிக்கு அக்குறை இல்லை. மற்றொன்று, கண் பொருட்படுத்தாத நுண்மைகளைக் கழித்துவிடுவது. ஜேபெக் இத்தகையது. படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கொண்ட கட்டங்களாகப் பகுத்து அது செயற்படுகின்றது. அதற்கு அடிப்படையான கணித முறையைப் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, நடராஜன், ராவ் ஆகியோருடன் இணைந்து 1974இல் வெளியிட்டார். இவ்வாய்வுக்கு அவர் 1972இல் கேட்ட நிதியுதவி மறுக்கப்பட்டது என்பது வியப்புக்குரிய செய்தி.

முகம், வானம், கடற்கரை முதலியவற்றில் நிறம் மெல்ல மெல்ல மாறும். அங்கே ஜேபெக்குக்கு நிகரில்லை. எழுத்தோ வெண்மையிலிருந்து கருமைக்குச் சட்டெனத் தாவுவது. அவ்விளிம்பில் ஜேபெக் கறைபோன்ற நிழலைப் படியவிடும். அளவு குறைந்த படத்தை மிகையாகச் சுருக்கினால் மெய்யெழுத்தின் புள்ளி அந்நிழலில் கரைந்துபோதலும் உண்டு. 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். ஓலைச் சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படவில்லை. இடம் நோக்கியே முன்னோர் படித்தறிந்தனர். அச்சு நமக்கு நிலைப்படுத்தித் தந்த புள்ளியைக் கணிப்பொறியில் இழப்பது எவ்வாற்றானும் பொருந்தாது.

இழப்புடைச் சுருக்கத்தின் வேறொரு முறையால் நேர்ந்த விபரீதம் இதனினும் கொடிது. ஒத்த உருவங்களுள் ஒன்றனை மட்டும் சேமித்து, ஏனைய இடங்களிலும் அதனையே பதிக்கும் முறை அது. ஜெர்மானியக் கணிப்பொறி அறிஞர் டேவிட் கிரீசல் 2013இல், செராக்ஸ் நிறுவனக் கருவிகள் சில இதனால் எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டு வெளிப்படுத்தினார். கட்டட வரைபடத்தில் 14.13, 21.11, 17.42 என இருந்த மூன்று அறைகளின் பரப்பும் 14.13 என்றே வந்தன. மங்கலாயிருந்தால் ஐயுறலாம், தெளிவாகவே தவறாயிருந்தால் யார் ஐயுறுவார்? நிறுவனம் பின்னர்த் திருத்தம் வெளியிட்டது. னகரமும் ளகரமும் அவ்வாறு மாறிப் பதிந்தால் பாட வேறுபாடு ஆய்வோர் படும் பாட்டை எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே நூற்பக்கத்தின் மூலப்படியை டிஃப் வடிவில், இழப்பில்லாச் சுருக்கத்துடன் வைத்தல் நன்று. இயலாதாயின் பிஎன்ஜி போதும். பிறருக்கு அனுப்பும் படி ஜேபெக்காக இருக்கலாம். நிலப்படம், முத்திரை, கோட்டோவியம் ஆகியவற்றுக்கும் பிஎன்ஜியே உரியது. மலரில் இடம்பெறும் ஒளிப்படங்களுக்கு ஜேபெக் ஏற்றதே. எனினும் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் இழப்பு கூடும். வெறுமனே படியெடுத்தலால் இழப்பில்லை.

ஜேபெக்கில் சேமித்த பக்கத்தைப் பின்னர்ப் பிஎன்ஜியாக மாற்றினால், கோப்பின் பருமன் கூடுமேயன்றிக் கரைந்த புள்ளி மீளாது. நூலை மீண்டும் ஸ்கேன் செய்தலே வழி. அதற்கு நூல் அதுவரை செல்லரிக்காமல் இருத்தல் வேண்டும்.