பழவேற்காட்டை கேமுக்குள் கொண்டுவர ஒரு பேட்ச் ஃபைல்

சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதைக் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 1.6 மேப்பாகச் செய்து பார்க்க நினைக்கும் கரையோரப் பிள்ளைகள் முதலில் ஒரு கணக்கைப் போட்டுவிட வேண்டும். கேமில் ஓர் ஆளின் உயரம் 72 யூனிட். ஆறடி ஆள் என்று கொண்டால் ஒரு யூனிட் ஓர் அங்குலம். மேப்பின் அகலமோ 8192 யூனிட்டைத் தாண்டக் கூடாது. அதாவது சுமார் 208 மீட்டர்.

ஏரி அடங்காது. குப்பத்தின் ஒரு தெரு அடங்கும். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம் தாராளமாக அடங்கும். 1613இல் எழுந்து இன்று புதர் மண்டிக் கிடக்கும் கெல்ட்ரியா கோட்டையில் ஒரு மூலையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜாக் என்ற மேப் எடிட்டரில் வரைந்து முடித்த மேப்பை கேம் அப்படியே படிக்காது. நான்கு புரோகிராம்கள் வரிசையாக அதைக் கம்பைல் செய்ய வேண்டும். எச்எல்சிஎஸ்ஜி, மேப்பில் வரைந்த கட்டைகளைப் பரப்புகளாக வெட்டும். எச்எல்பிஎஸ்பி அவற்றை மரமாக அடுக்கி, கேம் படிக்கும் பிஎஸ்பி கோப்பையும், பிஆர்டி என்ற வாசல் கோப்பையும் எழுதும். எங்கிருந்து எது தெரியும் என்று எச்எல்விஸ் கணக்கிடும். கடைசியில் எச்எல்ராடு வெளிச்சம் பாய்ச்சும். ஒன்றின் விளைச்சலை அடுத்தது எடுத்துக்கொள்வதால் வரிசை மாறக் கூடாது. ஒவ்வொரு முறையும் நான்கையும் கையால் தட்டுவது வீண் வேலை. அதற்குத்தான் பேட்ச் ஃபைல்.

நோட்பேடைத் திறந்து எழுதலாம். இங்கே தமிழில் சொல்லும் கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். முதல் வரி, @எக்கோ ஆஃப். இரண்டாவது, சிடி /டி "%~டிபி0". பேட்ச் ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலேயே வேலை நடக்க இது உதவும். மேப்பும் நான்கு புரோகிராம்களும் அதே ஃபோல்டரில் இருக்கட்டும். அடுத்து, செட் எம்=%~என்1. மேப் கோப்பை இழுத்து பேட்ச் ஃபைலின் மேல் போட்டால் அதன் பெயர் இந்த எம்மில் வந்து உட்காரும். பிறகு நான்கு புரோகிராம்களும் வரிக்கு ஒன்றாக, ஒவ்வொன்றின் பின்னாலும் %எம்%. சேமிக்கும்போது கோப்பு வகையில் 'ஆல் ஃபைல்ஸ்' என்று தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் டிஎக்ஸ்டி என்ற வால் ஒட்டிக்கொள்ளும்.

மேப்புக்குப் 'பழவேற்காடு' என்று தமிழிலேயே பெயர் வைக்க ஆசை வரும். வைக்காதீர்கள். இந்தப் பழைய புரோகிராம்களுக்கு யூனிகோட் தெரியாது. யூனிகோடுக்கு முந்தைய விண்டோஸ் எழுத்துப் பட்டியல்களிலோ தமிழுக்கு இடமே இல்லை. பெயர் வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். ஆங்கில எழுத்தில், நடுவே இடைவெளி இல்லாமல் வைப்பதே உத்தமம்.

இத்தோடு நிறுத்தினால் அது அரைகுறை பேட்ச் ஃபைல். முதல் புரோகிராம் பிழையில் நின்றாலும் மற்ற மூன்றும் ஓடும். கடைசியில் திரையில் வந்த செய்தியை மட்டும் படித்துவிட்டு, பிழை வேறெங்கோ இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். எனவே ஒவ்வொரு புரோகிராமுக்கும் அடியில் 'இஃப் எரர்லெவல் 1 கோட்டு பிழை' என்ற பொருளில் ஒரு வரி வேண்டும். கோப்பின் கடைசியில் பிழை என்ற பகுதி, அதில் பாஸ் கட்டளை. திரை மூடாமல் நிற்கும், செய்தியை நிதானமாகப் படிக்கலாம்.

எரர்லெவலுக்குச் சிக்காமல் போகக்கூடியது லீக். சுவருக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு யூனிட் இடைவெளி இருந்தாலும் போதும், தோணியின் அடியில் விழுந்த ஓட்டை மாதிரிதான். பிஆர்டி கோப்பு பிறக்காது, எச்எல்விஸ்ஸுக்கு வேலை இருக்காது. ஆகவே கம்பைல் தொடங்கும் முன் பழைய பிஆர்டியை டெல் கட்டளையால் அழித்துவிட்டு, எச்எல்பிஎஸ்பி முடிந்ததும் 'இஃப் நாட் எக்ஸிஸ்ட்' போட்டுப் புதியது வந்ததா என்று சோதியுங்கள். வராவிட்டால் கூடவே உருவாகும் பிடிஎஸ் கோப்பை ஜாக்கில் ஏற்றினால், ஒரு கோடு ஓட்டை வரை வழி காட்டும். அந்த ஓட்டையை மட்டும் அடைத்துவிடுங்கள். மேப் முழுவதையும் பெரிய பெட்டிக்குள் போட்டு மூடுவது சோம்பேறித் தீர்வு. வெளிச்சுவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டு கம்பைல் நேரம் ஏறிவிடும்.

ஏரிக்கரை மேப்பில் நேரத்தை விழுங்குவது எச்எல்விஸ். திறந்த நீர்ப்பரப்பில் எல்லா இடத்திலிருந்தும் எல்லாம் தெரியும், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. கல்லறைத் தோட்டச் சுவரும் குப்பத்துச் சந்தும் இங்கே கைகொடுக்கும். படகு, வலைக் கம்பு போன்றவற்றை ஃபங்க்_வால் ஆக்கிவிட்டால் அவை கணக்கில் குறுக்கிடாது. ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான் என்பதால் தண்ணீரை 40 யூனிட் வைத்தால் போதும், ஆள் இடுப்பளவு நீரில் நடப்பார்.

பேட்ச் ஃபைல் இரண்டாக இருப்பது நல்லது. தினசரிச் சோதனைக்கானதில் எச்எல்விஸ்ஸுக்கு -ஃபாஸ்ட். வெளியிடுவதற்கானதில் அதற்கு -ஃபுல், எச்எல்ராடுக்கு -எக்ஸ்ட்ரா. கல் எலும்புக்கூட்டைப் படமெடுத்து டெக்ஸ்ச்சராகப் போடுவதானால் அளவு 16இன் மடங்காகவும் நிறங்கள் 256க்குள்ளும் இருக்க வேண்டும். எச்எல்சிஎஸ்ஜி வரியில் -வாட்இன்க்ளூட் சேர்த்து, அந்த டெக்ஸ்ச்சர் இருக்கும் வாட் கோப்பின் பெயரையும் எழுதினால் படம் பிஎஸ்பிக்குள்ளேயே போய்விடும். பிழைப் பகுதிக்கு முந்தைய வரியில் காப்பி /ஒய் கட்டளை, பிஎஸ்பியை சிஸ்ட்ரைக் ஃபோல்டரின் மேப்ஸ் பகுதிக்கு அனுப்பட்டும்.

நண்பர்களுக்குக் கொடுக்க அந்தப் பிஎஸ்பி ஒன்றே போதும். ஆனால் ஜாக்கில் வரைந்த மூலக் கோப்பைத் தனியாகப் பிரதி எடுத்து வையுங்கள். பிஎஸ்பியிலிருந்து அதை முழுசாக மீட்க முடியாது.