மஸ்கட்டில் சலாம் சொல்லலாமா?

கேள்வி: அடுத்த மாதம் மஸ்கட்டில் ஒரு கட்டுமானப் பொருள் கடைக்குக் கணக்காளராகப் போகிறேன். நான் இந்து. அங்குள்ளவர்களிடம் ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ சொல்லலாமா? தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.
- வாசகர், விருதுநகர்

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள். வளைகுடாவில் எல்லா மதத்தவர் வாயிலும் புழங்கும் முகமன்தான் அது. ‘வஅலைக்குமுஸ்ஸலாம்’ என்று பதில் வரும். சிலர் ‘வஅலைக்கும்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தலாம். முஸ்லிம் அல்லாதவருக்கு அவ்வளவு போதும் என்பது மார்க்க அறிஞர்களில் ஒரு சாராரின் கருத்து. அதற்காக மனம் கோண வேண்டாம். சலாம் சொல்ல வாய் வரவில்லையென்றால் ‘மர்ஹபா’ போதும். காலையில் ‘ஸபாஹல் கைர்’ என்றால் ‘ஸபாஹன் நூர்’ என்பார்கள்.

யார் முந்திச் சொல்வது என்பதற்கு நபிமொழியிலேயே முறை இருக்கிறது. வாகனத்தில் வருபவர் நடப்பவருக்கு, நடப்பவர் உட்கார்ந்திருப்பவருக்கு, இளையவர் மூத்தவருக்கு, சிறு கூட்டம் பெருங்கூட்டத்துக்கு. ஆகவே நீங்கள் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது முதலாளியே உள்ளே வந்தாலும் முதல் சலாம் அவரிடமிருந்து வரலாம். பதறாமல் பதில் சொல்லுங்கள். வாழ்த்தியவருக்கு அதைவிடச் சிறப்பாகவோ அதே அளவிலோ திருப்பி வாழ்த்தச் சொல்கிறது குர்ஆன் (4:86). அவர் ‘வ ரஹ்மத்துல்லாஹி’ என்று நீட்டினால் நீங்களும் நீட்டுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதற்கு அடுத்த கட்டத்தை. சலாம் சொன்ன கையோடு “என்ன வேணும்?” என்று வியாபாரத்துக்குத் தாவிவிடாதீர்கள். நம்மவர்கள் பலர் சறுக்கும் இடம் இதுதான். ஓமானி ஒருவர் ‘கைஃப் ஹாலக்?’ என்று நலம் கேட்பார். ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்பீர்கள். அதையே வேறு வார்த்தைகளில் மறுபடி கேட்பார். மறுபடியும் சொல்லுங்கள், நீங்களும் திருப்பிக் கேளுங்கள். பில் இரண்டு நிமிடம் காத்திருக்கட்டும். உச்சரிப்புப் பிசகைச் சிரித்து மன்னிப்பார்கள். ஆனால் நலம் விசாரிக்காமல் வியாபாரத்துக்குத் தாவும் அவசரத்தை மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். வீட்டாரை விசாரிக்கும்போது பொதுவாகக் குடும்பம் நலமா என்று கேளுங்கள். மனைவியைக் குறிப்பிட்டுக் கேட்பது அங்கே வழக்கமில்லை.

கை கொடுப்பது வலது கையால்தான். பெண்களிடம் நீங்களாகக் கை நீட்டாதீர்கள். உள்ளங்கையை நெஞ்சில் வைத்து லேசாகத் தலை தாழ்த்தினாலே நிறைவான மரியாதை. ஆண்கள் மூக்கோடு மூக்கு உரசிக்கொள்வதையும் பார்ப்பீர்கள். அது நெருங்கியவர்களுக்குள் நடப்பது. நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

வேலைக்குச் சேரும் முதல் நாள், கடைக்குள் நுழையும்போது நீங்களே முந்திக்கொண்டு சலாம் சொல்லிவிடுங்கள். உள்ளே வருபவர் சொல்வதுதான் முறை.